அழைப்பு எங்கிருந்து வரும்? காரைக்குடிப் பக்கம் ஊழியம் தொடங்க நினைக்கிறவர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரராக இருப்பார். அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர், சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர், மாற்றலாகி வங்கி வேலைக்கு வந்தவர். "அண்ணே, தேவன் என்னைக் குறிச்சு என்ன நோக்கம் வச்சிருக்கார்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

இருபத்தாறு வயதில் நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நற்செய்திக் கூட்டத்தில் "முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார்கள், தூக்கிவிட்டேன். அடுத்த வாரம் ஆயரிடம் போய், வேலையை ராஜினாமா செய்யப் போகிறேன் என்றேன். அவர் ஒரு மடக்குக் காப்பி குடித்துவிட்டுக் கேட்டார்: "சரி தம்பி. உங்க தெருவுல எத்தனை வீட்டுக்காரங்க பேரு உங்களுக்குத் தெரியும்?" எண்ணிப் பார்த்தேன். இரண்டு. அதில் ஒருவர் எனக்கு வீடு வாடகைக்கு விட்டவர். "முதல்ல அதைப் பாருங்க. வேலையை அப்புறம் விடலாம்" என்றார். பதினெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் விடவில்லை.

அன்று அவர் சொன்னதையும், அதற்கப்புறம் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதையும்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன். கத்தோலிக்க நண்பர்கள் 'ஊழியம்' என்று வரும் இடத்தில் 'பணி' என்றும், 'ஆயர்' என்று வரும் இடத்தில் 'பங்குத்தந்தை' என்றும் வாசித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

நம் சபைகளில் 'அழைப்பு' என்றாலே அங்கி போடுவது, மேடை ஏறுவது, மிஷனரியாகப் போவது என்றுதான் காதில் விழுகிறது. வேதத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு குறுகிய பொருள் இல்லை. முதல் அழைப்பு கிறிஸ்துவிடம் வருவதற்கு. அது விசுவாசிகள் எல்லாருக்கும் பொது, அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. அடுத்தது, அவருடையவராக இருந்துகொண்டு யாருக்கு, என்ன செய்வது என்பது. இது ஆளுக்கு ஆள் மாறும், வயதுக்கு வயதும் மாறும். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டுதான் பிரசங்கித்தார். அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது பந்தி விசாரிக்க, அதாவது விதவைகளுக்குச் சாப்பாடு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க. அந்த வேலைக்கும் பரிசுத்த ஆவி நிறைந்தவர்கள் வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

1. கையில் இருப்பதை எழுதுங்கள்

மோசே தன்னால் முடியாது என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது தேவன் கேட்டது, உன் கையில் இருக்கிறது என்ன என்று. ஆடு மேய்க்கிற கோல்தான் இருந்தது.

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 'என் தாலந்துகள்' என்று தலைப்புப் போட்டால் பாடுவேன், கீபோர்டு வாசிப்பேன் என்று இரண்டு வரியில் நின்றுவிடும். அதனால் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: மற்றவர்கள் எதற்கு என்னைத் தேடி வருகிறார்கள்? எங்கள் சபையில் ஒரு தம்பிக்குப் பாட்டும் வராது, ஜெபம் பண்ணச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதிலிருந்து பான் கார்டுத் திருத்தம் வரை எந்த விண்ணப்பத்தையும் சலிக்காமல் நிரப்பித் தருவான். அது தாலந்து என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளை. ஊசியும் நூலும் வேதத்தில் இடம்பிடித்துவிட்டன. விண்ணப்பப் படிவத்துக்கு என்ன குறை?

வண்டி ஓட்டத் தெரியும், ரத்தம் கொடுக்கலாம், சனிக்கிழமை மதியம் ஓய்வு, வயசானவர்கள் ஒரே கதையை நாலாவது தடவை சொன்னாலும் கேட்கப் பொறுமை உண்டு. எல்லாவற்றையும் எழுதுங்கள். முடியாததையும் எழுதுங்கள். எனக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது, அதை மறைத்து இரண்டு தடவை மயங்கி விழுந்தேன்.

2. தெருவில் நடங்கள்

காரோடு வந்து போகிறவர்களுக்குச் செட்டிநாடு என்றால் பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், கோழிக் குழம்பு. குடியிருக்கிறவர்கள் வேறொன்றைப் பார்ப்போம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு, அதற்குள் ஒரே ஓர் ஆச்சி. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். முகப்பும், நடு முற்றத்தைச் சுற்றிய வளவும் பூட்டிக் கிடக்கும். ஆச்சியின் வாசம் அடுப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறையில். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் வீடு நிரம்பும், நாலாம் நாள் மறுபடி அந்த அறைதான்.

அப்படி ஒரு வீட்டுக்குத்தான் ஆயர் என்னைப் போகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்தார். மனசுக்குள் பெரிதாக என்னென்னவோ தயார் செய்துகொண்டு போனேன். "வாங்க தம்பி, உக்காருங்க" என்ற ஆச்சி, அண்ணாந்து ஒரு பல்பைக் காட்டினார்கள். அணைந்து ஒரு மாசம் ஆகிறதாம். அந்த உயரத்துக்கு ஏணி வேண்டும், ஏணி இரண்டாம் கட்டில், இரண்டாம் கட்டுச் சாவி எந்தக் கொத்தில் என்று தேடவே கால் மணி நேரம். பல்பு எரிந்ததும் வெள்ளைப் பணியாரம் கொடுத்தார்கள். அவ்வளவுதான் முதல் நாள் ஊழியம்.

இரண்டாம் வாரம் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டியவை, தேதி இருந்த மூலை எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. எது காலாவதி, எது புதியது, தெரிய வழியில்லை. மருந்துக் கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டு, பிள்ளையிடம் போனில் சொல்லி, புது அட்டை வாங்கி, வெட்டாமல் டப்பாவில் போட்டு வைத்தோம். நவம்பரில் குடும்ப ஓய்வூதியத்துக்கு வாழ்நாள் சான்று. "உசுரோட இருக்கேன்னு வருசா வருசம் காட்டணுமாம்" என்று ஆச்சிக்குச் சிரிப்பு. தேய்ந்த விரல் ரேகை கருவியில் பதியவே இல்லை. இப்போது முகத்தைப் படம் பிடித்துக் கைபேசியிலேயே அந்தச் சான்றைக் கொடுக்க வழி இருக்கிறது. அது தெரிந்த ஒரு கல்லூரிப் பிள்ளை ஒரு தெருவுக்கே போதும்.

ஆச்சிகள் மட்டும் இல்லை. அரசு மருத்துவமனையில் எந்தச் சன்னலில் சீட்டு, எங்கே ரத்தப் பரிசோதனை என்று தெரியாமல் நிற்கிற கிராமத்துச் சனம் உண்டு. சிவகங்கைக்கோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ எழுதிக் கொடுத்துவிட்டால் காப்பீட்டு அட்டையை எடுத்துவரக்கூடத் தோன்றாமல் தவிப்பார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, முதல் பருவத்திலேயே இங்கிலீஷ் பயத்தில் மூட்டையைக் கட்டுகிற மாணவர்கள் உண்டு. இரண்டு வாரம் சும்மா நடந்து பாருங்கள். எதைப் பார்த்தபிறகு இரவு அது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறதோ, அதை நோட்டில் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள்.

மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடருக்கு அழைப்பு வந்ததும் கதவைத் தட்டித்தான். திண்டிவனத்தில், ஒரே இரவில், பிரசவத்தில் தவித்த மனைவிக்காக மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து தட்டினார்கள். ஆண் மருத்துவரான அவருடைய அப்பாவை அனுமதிக்க மாட்டோம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரியாக மாட்டேன் என்று இருந்த பெண் அதற்கப்புறம் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900-இல் திரும்பினார், வேலூரில் மருத்துவமனை வந்தது. கதவு தட்டப்பட்டதற்கும் ஊசி போடக் கற்றதற்கும் நடுவே சில வருஷங்கள் படிப்பு இருக்கிறது என்பதைச் சாட்சி சொல்கிறவர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

3. மூன்று மாதம், ஒரு வேலை, ஒரு துணை

நோட்டின் இரண்டு பக்கமும் ஏதோ ஓர் இடத்தில் ஒட்டும். அங்கே தொடங்குங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மாதம். ஏழு வீடு எடுத்துக்கொண்டு மூன்றாம் வாரம் காணாமல் போகிறவரைவிட, ஒரே வீட்டுக்குப் பன்னிரண்டு சனிக்கிழமை போகிறவரைத்தான் ஆச்சிகள் நம்புவார்கள்.

தனியாகப் போகாதீர்கள். இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். 1833-இல் பாரீசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியதுதான், ஏழைகளை வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பால் சபை. அவர்கள் வீடு சந்திக்க இன்றைக்கும் இருவராகத்தான் போகிறார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அந்தச் சபை இருக்கிறதா என்று விசாரியுங்கள். புதிதாக ஒன்றை உண்டாக்குவதைவிட ஏற்கெனவே நடப்பதில் சேர்வது நல்லது. சங்கத்துக்குப் பேர் வைத்து, லெட்டர்பேடு அடித்து, பேனர் கட்டி, அதோடு முடிந்துபோன ஊழியங்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

4. இதையெல்லாம் செய்யாதீர்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். ஆர்வத்தில் கெட்டுப்போனவை இங்கேதான் கெட்டுப்போகின்றன.

ஏடிஎம் அட்டையைக் கையில் வாங்காதீர்கள், ரகசிய எண்ணைக் கேட்காதீர்கள். கடைக்குப் போனால் பில்லையும் மிச்சச் சில்லறையையும் கூட வந்தவர் முன்னால் எண்ணிக் கொடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணை வாங்கி, இன்னார் இன்ன கிழமை வந்து போகிறோம் என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

வீட்டுப் பத்திரம் எதிலும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளி இருப்பார்கள், அதற்குள் போனால் ஊழியமும் போய்விடும். பழைய பொருள் எதையும் அன்பளிப்பாக வாங்காதீர்கள். "இந்த எனாமல் தூக்குச்சட்டியை யாரு வச்சுப் பொழங்கப் போறா, கொண்டு போங்க தம்பி" என்பார்கள். மனசார வருகிற அன்புதான். ஆனால் காரைக்குடியில் பழம்பொருள் கடைக்குப் பேர்போன தெருவே உண்டு, எந்தப் பொருளுக்கு என்ன விலை என்று எல்லாருக்கும் தெரியும். பணியாரத்தை மட்டும் மறுக்காதீர்கள்.

சேவையை வைத்து மதம் பேசாதீர்கள். ஆச்சிக்குப் பிள்ளையார்பட்டி இருக்கிறது, குன்றக்குடி இருக்கிறது. நீங்கள் கோவிலுக்குப் போகிற பிள்ளை, அதிலும் மாதா கோவிலுக்கு என்று தெருவுக்கே தெரியும். மறைக்கவும் வேண்டாம், பைக்குள் நற்செய்தித் துண்டுப் பிரசுரம் வைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். அவர்களாகக் கேட்டால் பதில் சொல்லுங்கள். உடம்பு முடியாதபோது "உங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமா ஆச்சி?" என்று கேட்கலாம், வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு மாத்திரையை எடுத்துக் கொடுங்கள். காயப்பட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் எந்த நிபந்தனையும் போடவில்லை, சத்திரக்காரனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதென்றால் திறந்த இடம், பெரியவர்கள் இரண்டு பேர், பெற்றோர் சம்மதம். கதவடைத்த அறை வேண்டாம். பிள்ளை அடிவாங்குகிறது, வேறு துன்பம் நடக்கிறது என்று தெரிந்தால் ஜெபக்குழுவில் பொதுவாகச் சொல்லாதீர்கள், 1098-க்குச் சொல்லுங்கள். முதியவர்களுக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது.

5. மனசைப் பார்த்துக்கொள்ளுங்கள்

ஒரு மாதம் ஆனதும் தோன்றும்: இதுதானா? பல்பு மாட்டுவதற்கா தேவன் என்னை அழைத்தார்?

ஆத்தங்குடிக்குப் போயிருந்தால் கல் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூப்போட்ட அச்சு. அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கும் மேலே ஈரக் கலவையை அப்பிக் கரணையால் இழுத்துவிட்டால், பார்க்கிறவருக்கு வெறும் சாம்பல் நிறம்தான். பூ கீழே கண்ணாடியைப் பார்த்துக் கிடக்கிறது. சூளை கிடையாது. காய வேண்டும், தொட்டித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊற வேண்டும், மறுபடி காய வேண்டும். பூ எப்படி விழுந்திருக்கிறது பார்ப்போம் என்று நடுவில் கண்ணாடியைப் பிய்த்தால் கல் போச்சு. ஒரு நாள் அங்கே நின்று பார்த்தபிறகு, மூன்று மாதத்துக்கு முன்னால் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்தேன்.

அதுவரை செய்யக்கூடியது கவனிப்பதுதான். போய் வந்த இரவு இரண்டு வரி எழுதுங்கள். உடம்பு அலுத்திருந்தும் மனசு நிறைந்திருந்ததா? அல்லது யாராவது பாராட்டிய நாளில் மட்டும் நன்றாக இருந்ததா? இதில் யேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் கெட்டிக்காரர். 1521-இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் ஒடிந்து படுத்துக் கிடந்தபோது, எந்த நினைப்பு போனபிறகும் இனிக்கிறது, எது வறட்சியை விட்டுப் போகிறது என்று பார்த்துப் பார்த்தே தன் வழியைக் கண்டுபிடித்தவர். மனம் வறண்ட நேரத்தில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவர் சொன்ன விதி. ஒரு யேசு சபை நண்பர் எனக்கு இதைச் சொன்னார். சபை வேறாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்.

6. மற்றவர்கள் சொல்லட்டும்

சாமுவேலைத் தேவன் கூப்பிட்டபோது அவனுக்கு அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. மூன்று தடவை ஏலியிடம் ஓடினான், ஏலிதான் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தியோகியாவில் பர்னபாவையும் பவுலையும் அனுப்பும்போதும் சபையாக உபவாசித்து, கைவைத்துத்தான் அனுப்பினார்கள். 'எனக்கும் தேவனுக்கும் மட்டும் தெரியும்' என்று வருகிற அழைப்பைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்.

மூன்று பேரிடம் கேளுங்கள்: ஆயர், உங்களோடு கூட வந்தவர், உங்கள் வீட்டில் ஒருவர். வீட்டில் கேட்பதுதான் கஷ்டம். "ஊர் ஆச்சிக்கெல்லாம் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறீங்க, எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நாள் தள்ளிக்கிட்டே போகுது" என்று என் மனைவி சொன்னாள். பதில் இல்லை. அடுத்த மூன்று சனிக்கிழமை மாமியாரோடு கண் மருத்துவமனையில் இருந்தேன். நோட்டில் அதையும் ஊழியக் கணக்கிலேயே எழுதினேன்.

7. வேலையை விடத்தான் வேண்டும் என்றால்

சிலருக்கு அப்படித்தான் வரும். ஒன்றிரண்டு வருஷம் இப்படிச் செய்தபிறகும் அந்த நினைப்பு தணியாமல், சபையும் ஆமோதித்தால், முறையான வழியில் போங்கள். சி.எஸ்.ஐ.யில் ஆயரிடம் சொல்லி, பல சபைகள் சேர்ந்த திருமண்டலத்தின் தெரிவு வழியாகப் போக வேண்டும். இறையியல் படிக்க நமக்குப் பக்கத்தில் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையிடம் சொன்னால் சிவகங்கை மறைமாவட்டத்தில் இறையழைத்தலைக் கவனிக்கிறவரிடம் அனுப்புவார். கோபுரம் கட்டப் போகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், அப்பா மருந்து எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டும்.

ஓரியூருக்கு ஒரு தடவை போய் வாருங்கள். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி, ஜான் டி பிரிட்டோ என்ற யேசு சபைக் குருவான அருளானந்தரை அங்கேதான் வெட்டினார்கள். அவர் ரத்தத்தில் சிவந்ததாக நம்பப்படும் மணலை இன்றும் எல்லா மதத்துக்காரர்களும் பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். எல்லாரும் அவர் இறந்ததைப் பேசுகிறோம். லிஸ்பனில் பிறந்த அந்த மனிதர் தமிழ் கற்று, மாமிசம் விட்டு, பண்டாரசுவாமி உடையில் மறவர் சீமையில் நடந்த நடையைப் பேசுவது குறைவு. நடுவில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். போர்ச்சுகல் அரசர் அங்கேயே இருக்கச் சொல்லியும், 1690-இல் இங்கேயே திரும்பி வந்தார். எனக்கு அந்தத் திரும்பி வந்ததுதான் பெரிதாகத் தெரிகிறது.

8. பணம்

முடிந்தவரை பணமில்லாமல் செய்யுங்கள். வசூலித்தே ஆக வேண்டுமென்றால் சபைக் கணக்கு வழியாக, ரசீதோடு. சிங்கப்பூர் மாமா அனுப்புகிறார் என்று சேவைக்கான பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிவிடாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து இதற்கென்று நிதி வாங்க, 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதிச் சட்டப்படி மத்திய உள்துறையில் பதிவு பெற்ற அமைப்பாக இருக்க வேண்டும்.

9. போக முடியாத சனிக்கிழமை

வரும். காய்ச்சல், தணிக்கை, பிள்ளைக்குப் பரீட்சை. வெறுமனே போகப் பிடிக்காத வாரமும் வரும். அதிகாலையில் தனியாக ஜெபிக்கப் போன இயேசுவை எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொன்னபோதும் அவர் அடுத்த ஊருக்குத்தான் போனார். தேடுகிற எல்லாருக்கும் நீங்களே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் சொல்லாமல் நிற்காதீர்கள். காத்திருந்த ஆச்சி மதியம் இரண்டு மணி வரை சாப்பிடாமல் இருந்ததை அடுத்த வாரம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து முந்தின இரவே போன் போட்டுவிடுகிறேன், அந்த விண்ணப்பப் படிவத் தம்பிக்கும் வீட்டைக் காட்டி வைத்திருக்கிறேன். நவம்பர் நெருங்குகிறது. வாழ்நாள் சான்றுக்கு அவன்தான் போகிறான், கைபேசியில் முழுசாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். போன வருஷம் ஆச்சி தலைவாரி, பொட்டு வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில் என் போன் அணைந்துவிட்டது.